அரைத்தூக்கம் அண்ணன்

அந்தக் கடைக்குள் நுழைகிறவர்களில் பாதிப் பேர் அவளைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "யாரும் இல்லையா?" என்பதுதான்.

கல்லாவுக்குப் பின்னால், கழுத்தில் அடையாள அட்டையோடு, அவள் நின்றுகொண்டுதான் இருப்பாள். அவளிடமே அப்படிக் கேட்பார்கள். யாரும் என்றால் ஆம்பளை யாரும் என்று அர்த்தம். சேர்ந்த புதிதில் சுருக்கென்று இருந்தது. பிறகு பழகிப்போயிற்று.

"நான் இருக்கேன் சார், சொல்லுங்க."

"இல்ல, கேமைப் பத்திக் கேக்கணும்."

"கேம் கடையில எல்லாரும் அதைத்தான் சார் கேப்பாங்க. கேளுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சிரிக்காமல் சொன்னால் அன்று மாலையே தலைமை அலுவலகத்துக்குப் புகார் போய்விடும்.

வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கும் நகரும் படிக்கட்டை ஒட்டி இருந்தது அந்த வீடியோ கேம் கடை. ஒரு பக்கம் செருப்புக் கடை, இன்னொரு பக்கம் குழந்தைகளுக்கு முடி வெட்டும் கடை. எப்போதும் ஏதாவது ஒரு குழந்தையின் அலறல் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும். வாசலில் விளையாடிப் பார்ப்பதற்கென்று ஒரு கன்சோலை வைத்திருந்தார்கள். அதன் இரண்டு கன்ட்ரோலர்களில் ஒன்றுக்கு இடது குமிழ் ஆடிப்போயிருந்தது. இன்னொன்று ஐஸ்கிரீம் பிசுபிசுப்பு போகவே போகாதது. அலமாரியில் வரிசையாக நிற்பவை எல்லாம் வெறும் பெட்டிகள். உள்ளே இருக்க வேண்டிய டிஸ்குகள் கல்லாவுக்குப் பின்னால் இழுப்பறைகளில் இருந்தன. அது தெரியாமல் காலிப் பெட்டியைத் திருடிக்கொண்டு போனவர்களும் உண்டு. அப்படி ஒருவன் மறுநாளே வந்து, பெட்டிக்குள் டிஸ்க் இல்லை என்று சண்டை போட்டான். அந்தக் கதையை அவள் சொல்லும்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சிரிக்க முடியாத கதைகள்தான் அதிகம். "இதை வெளையாடினா பையன் நல்லாப் படிப்பானா?" என்று கேட்கிற அம்மாக்கள். வார இறுதி முழுக்க ஆடி முடித்துவிட்டு, "எங்க வீட்டு டிவிக்கு ஒத்துவரலை" என்று திருப்பிக்கொண்டு வருகிறவர்கள். முக்கால் மணி நேரம் அவள் வாயைப் பிடுங்கிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே போனில் வேறு இடத்தில் ஆர்டர் போடுகிறவர்கள். தலைமை அலுவலகத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இன்றைக்கு எத்தனை பேருக்கு உறுப்பினர் அட்டை போட்டாய் என்பது ஒன்றுதான் கணக்கு. குறைந்தால் மதியமே மேனேஜருக்குப் போன் வரும். அவர் போனை வைத்துவிட்டு அவளைப் பார்ப்பார். திட்டமாட்டார். ஆனால் அந்தப் பார்வைக்குத் திட்டே மேல்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது.

அலைக்கோட்டை என்று ஒரு விளையாட்டு. நடுக்கடலில் ஆளுக்கொரு தீவு. அதில் வீடு கட்டலாம், படகு விடலாம், பக்கத்துத் தீவுக்காரனைக் கூப்பிட்டுப் பாலம் போடலாம். வாடிக்கையாளர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமே என்று அவள் ஆட ஆரம்பித்து, அதிலேயே ஊறிப்போனாள். அதை ஆடுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குரூப் இருந்தது. பத்தொன்பதாயிரம் பேர். யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதால் சில மாதங்களிலேயே அவளையும் ஓர் அட்மின் ஆக்கினார்கள். அங்கே அவள் பெயர் அரைத்தூக்கம். பாதி கண் மூடிய ஒரு பூனைப் படத்தை வைத்திருந்தாள்.

அங்கே எல்லாரும் அவளை "அண்ணே" என்றார்கள். சிலர் "ப்ரோ" என்றார்கள். அவள் தன்னை ஆண் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெண் என்றும் சொன்னதில்லை. கடையில் அவள் பத்து வாக்கியத்தில் விளக்கினாலும், "எதுக்கும் வேற யாரையாவது கேட்டுக்கறேன்" என்று போவார்கள். குரூப்பில் அரைத்தூக்கம் ஒரு வரி எழுதினால் சண்டை அடங்கியது. அந்தச் சுகத்தை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மற்றபடி அந்த வேலையில் சுகம் ஒன்றும் இல்லை. கெட்ட வார்த்தைகளைப் பொறுக்கி நீக்க வேண்டும். திருட்டுக் கணக்குகளை விற்க வருகிறவனை விரட்ட வேண்டும். எவளோ ஒரு பெண்ணின் போன் நம்பரை எவனோ போட்டுவிட்டால், அது பரவுவதற்குள் ஓடிப்போய் அழிக்க வேண்டும். விரட்டப்பட்டவன் புதுப் பெயரில் வந்து அவளுடைய பரம்பரையையே திட்டுவான். அவனை மறுபடி விரட்ட வேண்டும்.

"என்னம்மா அது, எப்பப் பாரு குனிஞ்ச தலை நிமிராம?" என்று மாமியார் கேட்பார். அவருக்கு வலது முழங்கால் மடங்காது. காலை நீட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தபடியே வீட்டில் நடப்பதையெல்லாம் கண்காணித்துக்கொண்டிருப்பார்.

"ரெண்டு பேர் அடிச்சுக்கறாங்க அத்தை. விலக்கி விடறேன்."

"யாரு அவங்க?"

"தெரியாது."

"சம்பளம்?"

"கெடையாது."

"நல்லா இருக்குடி உன் போலீஸ் உத்தியோகம். வெளியூர்க்காரன் சண்டைக்கு இங்க குழம்பு தீயுது."

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவன். குழம்பு தீய்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவான்.

ஒரு மதியம், கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அலைக்கோட்டையை நடத்தும் கம்பெனியின் தொடர்பு அதிகாரி, ஐந்து அட்மின்களுக்கும் சேர்த்துச் செய்தி அனுப்பியிருந்தார். அடுத்த மாதக் கடைசியோடு சர்வர்களை மூடுகிறோம். இரண்டு வாரத்தில் முறையாக அறிவிப்போம். அறிவிப்பு வந்ததும் குரூப்பில் கொந்தளிப்பு இருக்கும் என்பதால் உங்களுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்கிறோம். அதுவரை யாரிடமும், வீட்டிலும்கூட, மூச்சு விடக் கூடாது. அட்மின் ஆகும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைதான் இது. மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்க நேரும்.

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தாள். அலைக்கோட்டை தனியாக வீட்டில் ஆடக்கூடிய விளையாட்டு இல்லை. டிஸ்க் வெறும் சாவிதான். தீவும் கடலும் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. அதை அணைத்துவிட்டால் அந்த டிஸ்க் டீ டம்ளர் வைக்கத்தான் உதவும்.

அதே வாரத்தில் கிடங்கிலிருந்து நான்கு பெட்டிகள் வந்து இறங்கின. மேனேஜர் கத்தியால் டேப்பைக் கிழித்தார். நான்கிலும் அலைக்கோட்டை.

"பாதி விலைக்குத் தள்ளச் சொல்லிட்டாங்கம்மா. வாசல்லயே அடுக்கு. மாசக் கடைசிக்குள்ள ஒண்ணுகூட மிஞ்சக் கூடாதாம்."

"ஏன் சார் திடீர்னு?"

"மேல கேட்டா சொல்லிடப் போறாங்களா?"

தலைமை அலுவலகத்துக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "இந்தக் கேம் ரொம்ப நாள் ஓடாதுன்னு தோணுது சார்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். மேனேஜர் பேட்டரி தீர்ந்த கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். "நாம விக்கறது பெட்டிம்மா. உள்ள இருக்கறது எவ்வளவு நாள் ஓடினா நமக்கென்ன?"

அவள் வாசலில் அடுக்கினாள். சிவப்பு எழுத்து அட்டையை மேலே சொருகினாள். யாராவது அதை எடுத்துப் பார்த்தால், பக்கத்தில் போய் வேறு எதையாவது புகழ்ந்து பேசுவாள். சிலர் மனம் மாறினார்கள். பலர் மாறவில்லை. ஒரு பெண் இதை வேண்டாம் என்று சொல்கிறாளே, ஆடத் தெரியாததால் சொல்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு வாங்கிப் போனார்கள்.

ஒரு நாள் காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர் வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. வேன் ஓட்டுகிறவர், காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகள், நடுவில் பார்சல். உள்ளே வந்தவர், "யாரும் இல்லையா?" என்று கேட்கவில்லை. நேராக அவளிடம் வந்து, கையிலிருந்த போனைக் காட்டினார். அதில் யாரோ அனுப்பிய செய்தியில் "அலைக்கோட்டை" என்று இருந்தது.

"இது வேணும்மா. இதைப் போடறதுக்கு ஒரு மெஷினும் வேணுமாமே. பழசு இருந்தாக்கூட பரவாயில்லை."

"யாருக்குண்ணே?"

"எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். பிறகு அவரே விளக்கினார். மகள் வேறு ஊரில், அவளுடைய அம்மாவோடு இருக்கிறாள். பதிமூன்று வயது. "போன் பண்ணா, சாப்டியாங்கறேன், சாப்டேங்கறா. படிச்சியாங்கறேன், படிச்சேங்கறா. அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சு வரலை. போன வாரம் அவளே சொல்றா, அப்பா நீங்களும் இந்தக் கேம்ல வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடு கட்டலாம்னு."

"அண்ணே, ரெண்டு பேர் சேர்ந்து ஆடற மாதிரி வேற கேம் நிறைய இருக்கு. இதைப் பாருங்களேன்" என்று வேறொரு பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"பாப்பா இதைத்தானேம்மா சொன்னா."

"இது கொஞ்சம் பழசாயிடுச்சுண்ணே. பாப்பாகிட்ட ஒரு தடவை கேட்டுட்டு, அடுத்த மாசம் வந்து..."

"அடுத்த மாசம் வரைக்கும் எதுக்கு?"

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "பாதி விலை சார், யோசிக்கவே யோசிக்காதீங்க. மெஷினுக்கும் குறைச்சுத் தர்றோம். ஏம்மா, நீ எடுத்துக் குடு." அவர் அங்கேயே நின்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

கன்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்று வாசலில் இருந்த கன்சோலில் அவருக்குக் காட்டிக் கொடுத்தாள். ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வளைவு வந்தால் உடம்பையும் சேர்த்துச் சாய்த்தார். திரையில் படகு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. இருவரும் சிரித்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அவர் போன பிறகு, மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"வாங்க வந்தவரை அடுத்த மாசம் வரச் சொல்றியே, உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார்."

மூன்றாம் நாள் குரூப்பில் ஒரு புதியவர் சேர்ந்தார். பெயர் வேன்அப்பா. படம் ஒரு மஞ்சள் வேன். முதல் கேள்வி: "கடலில் விழுந்துவிட்டேன். மேலே எப்படி வருவது? மகள் சிரிக்கிறாள்."

சுறா என்ற பெயரில் ஒருவன் இருந்தான். குரூப்பில் யாரையாவது சீண்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. "ரிவர்ஸ் கியர் போடுங்க அங்கிள்" என்று அவன் ஆரம்பிக்க, கீழே நாற்பது பேர் சேர்ந்துகொண்டார்கள். அரைத்தூக்கம் வந்து ஒரே வரி எழுதினாள்: புதிதாக வருகிறவரைக் கேலி செய்தால் ஒரு வாரம் வெளியே. கூட்டம் கலைந்தது. பிறகு வேன்அப்பாவுக்குத் தனியாக, எந்தப் பொத்தானை அழுத்தினால் கரையேறலாம் என்று எழுதினாள்.

"ரொம்ப நன்றி தம்பி" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவர் தினமும் எழுதினார். பலகை எங்கே கிடைக்கும் என்று ஒரு நாள், கூரை ஏன் ஒழுகுகிறது என்று ஒரு நாள். ஒரு நாள் கேள்வியே இல்லை. "நேத்து பாப்பாகூட ஒரு மணி நேரம் பேசினேன் தம்பி. முக்கால்வாசி என்னைத் திட்டினாள். கதவை வைக்கச் சொன்னால் சுவரை வைத்துவிட்டேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது."

கடைக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அதைப் படித்தாள். 'இது மூடப்போகிறது, இருக்கிற நாளில் நிறைய ஆடிக்கொள்ளுங்கள்' என்று ஒரு முறை எழுதினாள். எழுதியதை அழித்தாள். மறுபடி எழுதி மறுபடி அழித்தாள். "நல்லா இருக்குண்ணே" என்று அனுப்பினாள்.

சும்மாவும் இருக்கவில்லை. மற்ற அட்மின்களில் பாய்மரம் என்பவன் அவளுக்கு நெருக்கம். மூன்று வருடமாக எழுத்திலேயே பழகியவர்கள். அவனிடம் கேட்டாள், அறிவிப்பை முன்னதாகவே வெளியிடச் சொல்லி எல்லாரும் சேர்ந்து கேட்கலாமா என்று. ஐந்து பேரும் கேட்டார்கள். "உங்கள் அக்கறையை மதிக்கிறோம்" என்று தொடர்பு அதிகாரி பதில் எழுதினார். கூடவே ஒரு சிரிப்பு முகம்.

சொன்ன நாளில் அறிவிப்பு வந்தது. குரூப் பற்றி எரிந்தது. அழுதவர்கள், திட்டியவர்கள், தீவின் படங்களைப் போட்டுப் புலம்பியவர்கள் என்று ஐந்து அட்மின்களாலும் சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியவில்லை.

மறுநாள் வேன்காரர் கடைக்கு வந்தார். டிஸ்கைப் பெட்டியோடு கல்லாமேல் வைத்தார். கோபம் இல்லை, எங்கோ வழி தவறி இறங்கிவிட்டவர் மாதிரி இருந்தார்.

"மூடறாங்களாமேம்மா."

"ஆமாண்ணே."

"இதைத் திருப்பி எடுத்துப்பீங்களா?"

பிரித்த டிஸ்கைத் திருப்பி எடுப்பதில்லை என்று அவள் தலைக்கு மேலேயே பலகை மாட்டியிருந்தது. அவரும் அதைப் படித்திருப்பார். அவள் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஐந்து பேரிடம் மாற்றி மாற்றிப் பேசினாள். கடைசியாகப் பேசிய பெண், "விளையாட்டு சரியா ஓடுதில்ல? அப்புறம் என்ன குறை?" என்றாள்.

"இன்னும் ஆறு வாரம்தாங்க ஓடும்."

"ஓடாதப்ப சொல்லுங்க, பார்க்கலாம்."

அவள் போனை வைத்தாள். "எடுத்துக்க மாட்டாங்களாம்ண்ணே." அவர் தலையாட்டினார். டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, இருக்கற வரைக்கும் ஆடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அவர் குரூப்பில் கேட்டது வெகுளித்தனமான ஒரு கேள்வி. கடையின் பெயரைப் போட்டு, போன வாரம்தான் பாதி விலைக்கு வாங்கினேன், கல்லாவில் இருந்த அம்மா போன் போட்டுக் கேட்டும் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள், வேறு யாருக்காவது வழி தெரியுமா என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். சுறாவுக்கு அது போதும். மூடப்போவது தெரிந்தேதான் தள்ளிவிட்டிருக்கிறார்கள், அந்தக் கல்லாவில் நிற்கிற பொம்பளைக்கு எல்லாம் தெரியும் என்று அவன் ஒரு நீண்ட போஸ்ட் போட்டான். அவன் குத்துமதிப்பாகத்தான் சொன்னான். ஆனால் அவளைப் பொறுத்தவரை அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மறுநாள் யாரோ கடைக்கு வந்து, அலமாரிக்குப் பின்னால் நின்று அவளைப் படம் பிடித்துப் போட்டார்கள். அடையாள அட்டையில் பெயர்கூடத் தெரிந்தது. கீழே வந்த கமென்ட்டுகளை இங்கே எழுத முடியாது. வீட்டு முகவரியைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஒருவன். இவளுக்குக் கேமைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவன். வேன்அப்பா நடுவில் வந்து, "அந்தம்மா நல்லவங்க, எனக்காக எங்கெல்லாமோ போன் பண்ணாங்க, விட்டுடுங்க" என்று எழுதினார். "அங்கிள், ரிவர்ஸ் போடுங்க" என்றார்கள்.

யாருடைய படத்தையும் அனுமதி இல்லாமல் போடக் கூடாது என்பது குரூப்பின் விதி. அவளே எழுதிய விதி. அதன்படி அரைத்தூக்கம் அந்தப் படத்தை நீக்கினாள். உடனே இன்னொருவன் போட்டான். நீக்கினாள். மூன்றாம் தடவை நீக்கியபோது கேள்வி திரும்பியது: அரைத்தூக்கம் அண்ணன் அந்தக் கடைக்காரிக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து வாங்குகிறார்? கடையில் எவ்வளவு வாங்கினார்?

கூடத்தில் உட்கார்ந்து அவள் போனையே வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மாமியார் எட்டி வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"யாருடி இது சுறா?"

"தெரியாது அத்தை."

"நம்பர் குடு. நான் பேசறேன்."

"நம்பரெல்லாம் கெடையாது."

"அவங்க அம்மா நம்பர்?"

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிற்று. மாமியார் போனைக் குப்புறக் கவிழ்த்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கணவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"லிஃப்ட் நின்னா உள்ள மாட்டிக்கிட்டவங்க என்னைத்தான் திட்டுவாங்க" என்றான். "செஞ்சவன் எங்கயோ இருப்பான். கதவைத் திறக்கப் போறவன் மூஞ்சிதானே முதல்ல தெரியும்?"

"நீங்க கதவைத் திறந்துவிடறீங்க. நான் உள்ள தள்ளி மூடியிருக்கேன்."

அவன் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பாய்மரத்துக்கு எழுதினாள்: "அந்தப் படத்துல இருக்கறது நான்தான்."

வெகு நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "நிஜமாவா அக்கா?" மூன்று வருடமாக ப்ரோ என்றவன். அந்த ஒரு சொல்லிலேயே அவர்களுக்கு நடுவில் ஒரு கதவு சாத்திக்கொண்டதை அவள் உணர்ந்தாள். பிறகு அவன் எழுதினான்: "தெரிஞ்சுக்கிட்டே வித்தீங்களா?"

"உங்களுக்கும்தான் தெரியும். நாம அஞ்சு பேரும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தோம்?"

"ஆனா நாங்க விக்கலையே அக்கா."

அவன் மோசமானவன் இல்லை. மற்ற மூவரிடமும் பேசிவிட்டு, வருத்தத்தோடுதான் சொன்னான். இது வெளியே தெரிந்தால் குரூப்பே நாறிவிடும், நீங்களாகவே விலகிக்கொண்டால் உங்களுக்கும் பாதுகாப்பு என்றான். அவள் விலகினாள். அரைத்தூக்கம் சொந்தக் காரணங்களால் விலகுகிறார் என்று ஒரு வரி அறிவித்தார்கள். "பணம் வாங்கினது உறுதி" என்று சுறா எழுதினான். அதை நீக்க இப்போது அவளுக்கு அதிகாரம் இல்லை.

கடையின் பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து மேனேஜரோடு பேசிவிட்டுப் போனார்கள். பாதி விலைக்குத் தள்ளச் சொன்னது யார் என்பது அந்தப் பேச்சில் வரவே இல்லை. மேனேஜர் அவளைப் பின்னறைக்கு அழைத்தார்.

"கொஞ்ச நாளைக்கு நீ முன்னாடி நிக்க வேண்டாம்மா. பழைய டிஸ்க்கெல்லாம் வருதில்ல, அதை இங்க உக்காந்து சரிபார்த்துக் குடு. சூடு ஆறட்டும்."

"சார், நீங்கதான அடுக்கச் சொன்னீங்க?"

"நான் சொன்னேன். எனக்கு மேல சொன்னாங்க. உன் படம்தானம்மா வந்திருக்கு, என் படம் வரலையே." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேரும் வெளிய போறதைவிட ஒருத்தர் உள்ள உக்கார்றது நல்லதில்லையா?"

கல்லாவுக்குப் புதிதாக ஓர் ஆளைப் போட்டார்கள். அதுவரை சமையல் பாத்திரங்கள் விற்றுக்கொண்டிருந்தவர். எந்தக் கேம் எந்தக் கன்சோலுக்கு என்றே அவருக்குத் தெரியாது. ஆனால் உள்ளே வந்தவர்கள் யாரும், "யாரும் இல்லையா?" என்று கேட்கவில்லை. அவர்கள் ஏதாவது கேட்டால், "ஒரு நிமிஷம் சார்" என்று பின்னறைக்கு வந்து அவளிடம் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்வார். "ரொம்ப நல்லா விளக்கறீங்க சார்" என்று வெளியே பாராட்டுவது கதவு வழியாக அவளுக்குக் கேட்கும்.

சர்வரை அணைத்த நாளில் அவள் கீறல் விழுந்த டிஸ்குகளை இயந்திரத்தில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். எந்த நேரத்தில் அணைந்தது என்று பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் தீவைத் திறந்து பார்த்தாள். இணைக்க முடியவில்லை என்று வந்தது. மீண்டும் முயற்சி செய் என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. சும்மா அதை அழுத்திக்கொண்டே இருந்தாள். மாமியார் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து, கல்லாக்காரர் பின்னறைக் கதவைத் தட்டினார். "உங்களைத்தான் பார்க்கணுமாம். நான் சொல்றேன்னாலும் கேக்க மாட்டேங்கறார்."

வேன்காரர் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"என்னம்மா, உள்ள போட்டுட்டாங்களா? நான் எழுதினதாலதானே?"

"இல்லண்ணே, உள்ள வேலை ஜாஸ்தி."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "குரூப்ல ஒரு நல்ல தம்பி இருந்தார். எனக்குக் கரையேறச் சொல்லிக் குடுத்தவர். உங்களுக்காகப் பேசினாருன்னு அவரையும் தூக்கிட்டாங்க. யாருக்கும் நல்லது செய்ய விடமாட்டேங்கறாங்க."

அந்தத் தம்பி நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவருக்கு இருந்த ஒரு நல்ல ஆளும் போய்விடுவான் என்று தோன்றியது. அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க வாங்கறப்பவே எனக்குத் தெரியும். மூடப்போறாங்கன்னு."

அவர் அவளையே பார்த்தார். வாசலில் யாரோ ஒரு குழந்தை கன்ட்ரோலரைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

"வேற கேம் பாருங்கன்னு சொன்னீங்கல்ல" என்றார் மெதுவாக. "அப்பவே நெனச்சேன், இந்தம்மா எதுக்கு இப்படிச் சொல்றாங்கன்னு."

"சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருந்தாங்கண்ணே."

"தெரிஞ்சிருந்தாலும் வாங்கியிருப்பேன்மா. ரெண்டு மாசம் கெடைச்சுதில்ல. ஆனா தெரிஞ்சு வாங்கியிருப்பேன். வீட்டை அவ்வளவு பெருசா இழுத்திருக்க மாட்டோம். மாடி போட்டுட்டிருந்தோம். பாதியில நின்னுடுச்சு."

அவள் தலைகுனிந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாள். எதற்கென்று சொல்லிக் கேட்பது, யார் சார்பில் கேட்பது என்று புரியவில்லை.

"பாப்பா எப்படி இருக்காண்ணே?"

"பழையபடி ஆயிட்டா. சாப்டியா, சாப்டேன். படிச்சியா, படிச்சேன்." அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். "அதான் வந்தேன். ரெண்டு பேர் சேர்ந்து ஆடறது வேற இருக்குன்னு அன்னிக்குச் சொன்னீங்களே. அது எது?"

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருந்த சிறிய எழுத்துகளை, கண்ணுக்கு அருகில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதையும் எங்கேயோ இருந்துதான் ஓட்டறாங்களா?"

"ஆமாண்ணே."

"இதை எப்ப மூடுவாங்க?"

"தெரியலண்ணே. உண்மையாவே தெரியலை."

அவர் மறுபடி கேட்கவில்லை. தெரிந்தே மறைக்கிறாளா, தெரியாமல்தான் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க அவருக்கு வழி ஏதும் இல்லை. அதை நிரூபிக்க அவளுக்கும் வழி இல்லை. பெட்டியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பாப்பாகிட்ட கேட்டுட்டு வர்றேன்மா."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கும் நகரும் படிக்கட்டில் ஏறி நின்றார். அது அவரைக் கீழே கொண்டுபோயிற்று. கல்லாக்காரர் வந்து, "என்ன மேடம், வாங்கலையா?" என்று கேட்டார்.

"கேட்டுட்டு வர்றாராம்" என்று சொல்லிவிட்டு அவள் பின்னறைக்குப் போனாள். அவர் இன்னும் வரவில்லை.